கரை மின்சாரம் இல்லாத இடத்தில் சிறு படகுக்கு ஏசி: எங்கிருந்து தொடங்குவது?

படகில் ஏசி மாட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் இன்வெர்ட்டர் வாங்கணும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். 5000 பிடியூ அளவுள்ள சின்ன ஏசியை நல்ல 2000 வாட் இன்வெர்ட்டர் ஓட்டிவிடும். (பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு; ஏசியில் அது ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் சூட்டைக் குறிக்கும்.) தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஜோராக ஓடிய ஏசி விடியற்காலை மூன்று மணிக்கு ஏன் நின்றுபோகிறது? காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய பேட்டரியில் ஏதாவது மிச்சம் இருக்குமா? எடுத்த மின்சாரத்தை மறுநாள் எதைக் கொண்டு திருப்பி நிரப்புவது?

கரையில் கட்டி, ஒயரைச் சொருகியிருக்கும்போது இந்தக் கேள்விகள் வருவதே இல்லை. நங்கூரம் போட்ட இடத்தில் ஒவ்வொரு வாட்டும் நீங்கள் முன்பே சேர்த்து வைத்ததாக இருக்கவேண்டும், அல்லது அந்த நேரத்தில் எரிபொருளை எரித்து உண்டாக்கியதாக இருக்கவேண்டும். அதனால் வேலையைச் சூட்டைக் குறைப்பதில் தொடங்குங்கள். கடைக்குப் போவது கடைசியில்.

1. வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

பகல் முழுக்க வெயிலில் காய்ந்த ஃபைபர் தளம், இருட்டி வெகுநேரம் ஆனபிறகும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தூங்கும் அறைக்கு மேலே இருக்கும் தளத்துக்கு ஒரு துணிப் பந்தல் கட்டுங்கள். தளத்தில் படாமல், நடுவில் காற்று போக இடைவெளி விட்டுக் கட்டவேண்டும். ஜன்னல்களுக்கும் கூரைக் கதவுகளுக்கும் மறைப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத்தான் மறைக்கிறீர்கள், அது அறைக்குள்ளேயே சுற்றும்.

பொழுது சாய்ந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, ஃபேன் வைத்து உள்ளே தேங்கிய காற்றை அரை மணி நேரம் வெளியேற்றுங்கள். அப்புறம் மூடிவிட்டு ஏசியைப் போடுங்கள். இதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 12 வோல்ட் சின்ன ஃபேன் ஐந்து, ஆறு வாட்தான் இழுக்கும்.

முன்னறையில் தூங்குகிறீர்கள் என்றால் கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவே கனமான ஒரு திரை தொங்கவிடுங்கள். முழுப் படகையும் குளிரவைக்கும் ஆசையை விட்டால்தான் இந்தக் கணக்கு சிறு படகில் நடக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

ஐஸ் பெட்டியில் ஃபேனைப் பொருத்தி "ஏசி" என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். பிடியூவில் சொன்னால் சுமார் 317. பத்து கிலோ ஐஸ் முழுக்க உருகிச் செய்யும் வேலையை 5000 பிடியூ ஏசி நாற்பது நிமிடத்துக்குள் முடித்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு எத்தனை மூட்டை ஐஸ் சுமப்பீர்கள்? தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலரும் படகுக்கு உதவாது. சுற்றிலும் தண்ணீர், காற்றில் ஏற்கெனவே ஈரம். அது இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

2. அளவை முடிவு செய்யுங்கள்

படகு ஏசிக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. தளத்துக்குக் கீழே, ஜன்னல் குறைவாக உள்ள தூங்கும் அறைக்குச் சதுர அடிக்கு 60 பிடியூ. பாதி மேலே தூக்கி, ஜன்னல்கள் உள்ள கூடத்துக்கு 90. முழுக்கத் தளத்துக்கு மேலே, சுற்றிக் கண்ணாடி உள்ள அறைக்கு 120. கடும் வெப்பமான கடல்களில் இதற்கு மேல் ஒரு இருபது சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

எட்டடிக்கு ஏழடி முன்னறை என்றால் 56 சதுர அடி. அறுபதால் பெருக்கினால் 3360. வெப்பத்துக்காகக் கூட்டினால் ஏறக்குறைய 4000. ஆக 5000 பிடியூ போதும். அதே படகின் கூடம் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்றால், இந்தக் கூட்டலுக்கு முன்பே 12,000 பிடியூ வந்துவிடுகிறது.

"எதற்கும் பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். வேண்டாம். தேவைக்கு மீறிய ஏசி பத்து நிமிடத்தில் அறையைக் குளிராக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. தெர்மாமீட்டர் 24 காட்டும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். போதாக்குறைக்கு அடிக்கடி நின்று கிளம்புவதால் ஒவ்வொரு முறையும் இன்வெர்ட்டருக்கு ஓர் அடி.

3. எந்த வகை ஏசி?

ஜன்னல் ஏசி எல்லாவற்றிலும் மலிவு. கூரைக் கதவின் மேல் ஒரு மரப்பெட்டி செய்து உட்காரவைப்பவர்கள் உண்டு. பார்க்க அழகில்லை, உப்புக் காற்றில் ஆயுளும் கம்மி, அலையில் கட்டாயம் கழற்றவேண்டும். ஆனால் பழகிப் பார்க்க நல்ல வழி.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசியில் ஒற்றைக் குழாய் மாடலைத் தொடாதீர்கள். அது அறையில் உள்ள காற்றையே எடுத்து, சூட்டை வெளிவிடும் பாகமான கண்டென்சரைக் குளிர்வித்து வெளியே தள்ளும். போன அளவு காற்று வெளியிலிருந்து சந்துபொந்து வழியாகச் சூடாக உள்ளே வரும். இரட்டைக் குழாய் மாடல் பரவாயில்லை.

கடல்நீரால் குளிரும் ஏசிதான் படகுக்கென்றே செய்தது. சூட்டைக் காற்றில் விடாமல் தண்ணீரில் விடுவதால் சிறிய இடத்தில் அடங்கும், செயல்திறனும் நன்றாக இருக்கும். ஆனால் பம்ப், வால்வு, வடிகட்டி என்று பராமரிக்கவேண்டியவை கூடும். படகு டிரெய்லரில் இருந்தாலோ, நீர் வற்றித் தரைதட்டி நின்றாலோ இது ஓடாது.

நேரடியாக 12, 24 அல்லது 48 வோல்ட்டில் ஓடும் ஏசிகளும் இப்போது கிடைக்கின்றன. இன்வெர்ட்டரில் போகும் இழப்பு மிச்சம். விலை அதிகம், பழுதானால் உதிரி பாகம் கிடைக்க அலையவேண்டியிருக்கலாம்.

எந்த வகையானாலும் கம்ப்ரஸர் வேகம் மாறக்கூடியதா என்று பாருங்கள். வீட்டு ஏசியில் இன்வெர்ட்டர் ஏசி என்று விற்பது இந்த வகைதான். பழைய வகைக் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். கிளம்பும் உச்சத்தைப் பிடித்துக் காட்டும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டரை ஏசி ஒயரில் மாட்டிப் பாருங்கள்: 230 வோல்ட்டில் 2 ஆம்பியரில் அமைதியாக ஓடும் பெட்டி, கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் 10, 11 என்று எகிறி உடனே இறங்கும். அந்தக் கணத்தைத் தாங்காமல்தான் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டி நிற்கிறது. வேகம் மாறும் கம்ப்ரஸர் மெதுவாகக் கிளம்பும், இந்தத் தொல்லை இல்லை. பழைய வகைதான் கையில் இருக்கிறது என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டியைச் சேர்த்தால் கிளம்பும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே வரும்.

4. ஒரு ராத்திரிக் கணக்கு

ஒரு காகிதம் எடுங்கள். மின் கட்டணத்தில் வருகிற அதே யூனிட்டில், அதாவது 1000 வாட் மணியில், போடலாம்.

5000 பிடியூ சாதா ஏசி ஓடும்போது ஏறக்குறைய 450 வாட் எடுக்கும். நிழல் கட்டிய அறையில், இரவில் அது நூறில் அறுபது பங்கு நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 270 வாட். எட்டு மணி நேரத்துக்கு 2.16 யூனிட். இன்வெர்ட்டர் பத்து சதவீதம் தின்னும். சும்மா ஆனில் இருக்கவே இருபது வாட் வாக்கில் கேட்கும். ஆக 2.6. ஃப்ரிட்ஜ், நங்கூர விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்த்தால் ராத்திரிக்கு 3 யூனிட்.

100 ஆம்பியர் மணி, 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கிறது. எண்பது சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு யூனிட். மூன்று பேட்டரி என்றால் இழுத்துப்பிடித்துச் சமாளிக்கலாம், நான்கு என்றால் நிம்மதி. ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும். வேகமாக எடுக்க எடுக்க அது தரும் மொத்த அளவும் சுருங்கும். அதனால் அதே வேலைக்கு ஐந்துக்குக் குறையாமல் வேண்டும், ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிலோ. சிறு படகில் அந்த எடையை எங்கே வைப்பீர்கள் என்பது தனிக் கேள்வி.

கூடத்துக்கு 12,000 பிடியூ போட்டால் என்ன ஆகும்? பம்பையும் சேர்த்து 1100 வாட், எழுபது சதவீத நேரம் ஓடுவதாக வைத்தால் ராத்திரிக்கு ஏசிக்கு மட்டும் 7 யூனிட் வாக்கில் போகும். அந்தத் திரைத்துணியை ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பது இந்த வரியில் தெரியும்.

5. எடுத்ததை எப்படி நிரப்புவது?

பகல் செலவும் சேர்த்தால் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் திரும்ப வரவேண்டும். இல்லாவிட்டால் முதல் ராத்திரி குளிர், இரண்டாம் ராத்திரி புழுக்கம்.

சோலார்: தட்டையாகப் படுக்கவைத்த 400 வாட் பேனல், மேகமில்லாத நாளில் எல்லா இழப்பும் போக 1.2 முதல் 1.6 யூனிட் தரும். ராத்திரிச் செலவில் ஏறக்குறைய பாதிதான். பாய்மரத்தின் கயிற்று நிழல் ஒரு பேனலில் குறுக்காக விழுந்தாலே அதன் உற்பத்தி பெரிதாகச் சரியும், அதனால் பேனல்களைப் பின்பக்கம், தூக்கி, நிழல் படாத இடத்தில் வையுங்கள். 1000 வாட்டுக்கு இடமுள்ள படகு என்றால் சோலாரை நம்பியே ஓட்டலாம். முப்பதடிக்குக் குறைந்த ஒற்றை உடல் படகில் அவ்வளவு இடம் அபூர்வம்.

எஞ்சின் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுழன்று மின்சாரம் தரும் கருவி: மேலே 100 ஆம்ப் என்று எழுதியிருக்கும். சூடானபின் அறுபது, எழுபதுதான் எதிர்பார்க்கலாம். அதாவது மணிக்கு 0.9 யூனிட். இங்கே லித்தியத்தோடு ஒரு வம்பு இருக்கிறது. ஈய அமில பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே குறைவாக வாங்கும். லித்தியம் கடைசி வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் மூச்சுவிடாமல் முழு அளவில் உழைத்து, அதிலும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது தன் விசிறியின் காற்றும் போதாமல், கருகிவிடும். ஆல்டர்னேட்டர் சூடானால் அதன் உற்பத்தியைக் குறைக்கும், வெப்பநிலை சென்சார் உள்ள வெளி ரெகுலேட்டர் போடுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் இடையே டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து அளவோடு எடுத்து இன்னொன்றை நிரப்பும் கருவி) வையுங்கள். 30 ஆம்ப் சார்ஜர் மணிக்கு 0.4 யூனிட் தரும், ஆல்டர்னேட்டரும் பிழைக்கும். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது லித்தியத்தின் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) திடீரென்று துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். இடையில் சார்ஜர் இருந்தால் அந்த ஆபத்தும் குறையும்.

கையடக்க ஜெனரேட்டர்: 2 கிலோவாட் வகை தொடர்ந்து 1600 முதல் 1800 வாட் தரும். இதை வைத்து ராத்திரி நேராக ஏசி ஓட்டவே கூடாது, காரணம் அடுத்த பகுதியில். பகலில், நீங்கள் விழித்திருக்கும்போது, 80 ஆம்ப் பேட்டரி சார்ஜர் வழியாக இரண்டு மணி நேரம் ஓட்டினால் 2.2 யூனிட் உள்ளே போகும். சோலாரின் 1.3-ஐச் சேர்த்துப் பாருங்கள்: மூன்றரை. சிறு படகுக்கு நான் சிபாரிசு செய்வது இந்தக் கூட்டணியைத்தான். அன்றைக்கு, வெளி ரெகுலேட்டர் போட்ட ஆல்டர்னேட்டரோடு, எஞ்சினில் இரண்டரை மணி நேரம் பயணம் செய்ததாக இருந்தால் ஜெனரேட்டரை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை.

படகில் நிலையாகப் பொருத்தும் டீசல் ஜெனரேட்டருக்கு நூறு கிலோவாவது கணக்கு வையுங்கள்; சிறு படகில் பெரும்பாலும் அதற்கு இடமிருக்காது. வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சின்ன ஏசி ஒன்றை மட்டும் ஓட்டி ராத்திரி முழுக்க அதைச் சும்மா உறுமவிடாதீர்கள். பளு குறைவாக ஓடும் டீசலில் கரி படியும். கூடவே பேட்டரியையும் சார்ஜ் செய்து சுமையை ஏற்றி, சீக்கிரம் நிறுத்திவிடுங்கள்.

6. புகை

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. படகின் பின்பக்கம் ஓடும் ஜெனரேட்டரின் புகை காற்றோடு போய்விடும் என்று நினைப்போம். ஆனால் காற்று முன்னாலிருந்து வீசும்போது படகின் பின்புறம் ஒரு சுழல் உண்டாகி, புகையைத் திரும்ப உள்ளேயே இழுத்துவரும். நங்கூரத்தில் படகு தானாகத் திரும்பும்; மாலையில் வெளியே போய்க்கொண்டிருந்த புகை நள்ளிரவில் உங்கள் கூரைக் கதவு வழியாக வரலாம். பக்கத்துப் படகின் ஜெனரேட்டராலும் இதே ஆபத்து.

ஆகவே ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் தூங்கக்கூடாது, நீச்சலடிப்பவர்கள் பின்பக்கம் இருக்கக்கூடாது. தூங்கும் ஒவ்வொரு அறையிலும் படகுக்கென்று செய்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அது கீழே இறங்கி அடித்தட்டில் தேங்கும். ஜெனரேட்டரையும் கேனையும் கேபினுக்குள் வைக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஏசியிலிருந்து வடியும் நீரின் குழாயை எஞ்சின் அறைப் பக்கம் விடுவதும் தப்பு. அந்தக் குழாய் வழியாகவே ஏசி புகையை உறிஞ்சி அறைக்குள் ஊதிவிடும்.

7. கேபிளும் ஃப்யூஸும்

450 வாட் ஏசி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் இழுக்கும். 1100 வாட் என்றால் 95. இன்வெர்ட்டரின் முழு 2000 வாட்டையும் கேட்டால் 170-ஐத் தாண்டும். அதனால் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்று மீட்டருக்குள் என்றால் 2000 வாட்டுக்கு 70 சதுர மில்லிமீட்டர், ஈயம் பூசிய செம்புக் கேபிள். புதிதாகத்தான் போடுகிறீர்கள், பெரிய ஏசி எண்ணமும் இருக்கிறது என்றால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள், மின்னோட்டம் பாதியாகும்.

முதன்மை ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் பொது விதி. லித்தியத்துக்குக் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் போடுங்கள். ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சாதாரண ஃப்யூஸ் எரிந்தபின்னும் நடுவே தீப்பொறி பாலம் போட்டு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

எஞ்சின் ஸ்டார்ட்டர் பேட்டரியை இந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். அது தனி.

கரை மின்சாரம், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் மூன்றும் எந்தக் காரணத்தாலும் ஒரே நேரத்தில் இணையாதபடி மாற்றுச் சுவிட்ச் வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேரவேண்டும் என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் இதைச் சார்ந்தே வேலை செய்யும். 230 வோல்ட் பக்கத்தைப் படகு வயரிங் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் மேல் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

8. கடல்நீர் ஏசி என்றால்

பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். கடல்நீர் உள்ளே வரும் வால்விலிருந்து வடிகட்டி, பம்ப், ஏசி என்று குழாய் மேல்நோக்கியே ஏறவேண்டும்; நடுவில் ஏறி இறங்கி வளைந்தால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும், பம்ப் சுற்றும், தண்ணீர் வராது. தண்ணீர் வெளியேறும் துளையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் எட்டிப் பார்த்தே ஓட்டத்தைச் சோதிக்கலாம். தாரை மெலிந்திருந்தால் வடிகட்டியைத் திறங்கள். பாசி, நெகிழித் துண்டு, சில நேரம் ஒரு குட்டி ஜெல்லிமீன் கூழாக அப்பிக்கிடக்கும். அதிக அழுத்தம் என்று காட்டி நிற்கும் ஏசிகளுக்கு கேஸ் நிரப்ப ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இந்த வடிகட்டிக் கூடையைக் கழுவிப் பாருங்கள்.

9. கிளம்பும் முன் ஒத்திகை

எல்லாம் மாட்டியதும் கரையிலேயே, கரை ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு முழு ராத்திரி பேட்டரியில் ஓட்டுங்கள். ஷன்ட் (பேட்டரிக்குள் போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் பாகம்) வைத்த பேட்டரி மானிட்டர் கட்டாயம். லித்தியத்தின் மின்னழுத்தம் கிட்டத்தட்ட கடைசி வரை ஒரே மாதிரி இருப்பதால் வோல்ட் மீட்டரைப் பார்த்து எதுவும் தெரியாது.

முதல் அரை மணி நேரம் விலகாதீர்கள். சுமை முழுதாக இருக்கும்போது, தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை ஃப்யூஸ் முனை, கேபிள் லக் (கேபிள் நுனியில் மாட்டும் வளையம்), இன்வெர்ட்டர் இணைப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். கேபிள் சாதாரணமாக இருந்து ஒரு லக் மட்டும் சூடாக இருந்தால் அங்கே இறுக்கம் போதவில்லை, அல்லது லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பிடித்த கிரிம்ப் சரியில்லை. இன்வெர்ட்டரை எங்கே பொருத்தினீர்கள் என்பதும் இப்போது தெரிந்துவிடும். பெட்டியில் எழுதிய வாட் 25 டிகிரிக்கானது, காற்றோட்டமில்லாத 40 டிகிரி அலமாரியில் அதற்குக் குறைவாகவே தரும்.

படுக்கும்போதும் எழுந்ததும் மானிட்டரில் உள்ள சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முப்பதுக்கு மேல் இருந்தால் கிளம்பலாம். இருபதைத் தொட்டிருந்தால் தெர்மோஸ்டாட்டை 24-இலிருந்து 27-க்கு ஏற்றி, கூடவே சின்ன ஃபேனைப் போட்டு இன்னொரு ராத்திரி பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால் ஐந்தாவது பேட்டரியைத் தேடுவதற்கு முன் மேலே ஏறி, பந்தல் தூங்கும் அறையை முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.